மோட்டர் ஏன் டிரிப் ஆகிறது? ஓவர்லோட் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங், சுங்கை காடுட் பக்கம் பராமரிப்பு வேலை பார்க்கும் நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மோட்டர் டிரிப் ஆகி, அதாவது பாதுகாப்புக் கருவி வெட்டி, நின்றால் முதலில் ரீசெட் பொத்தானை அழுத்துவார்கள். மறுபடி நின்றால் சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஓவர்லோட் ரிலேயின், அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் மோட்டரை நிறுத்தும் கருவியின், டயலைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். மூன்றாவதாக எனக்கு போன் வரும். அதற்குள் மோட்டருக்குள் சுற்றிய காயில் கருகி, பேனல் அறை முழுக்க வார்னிஷ் வாடை அடித்துக்கொண்டிருக்கும்.

இருபது வருடங்களுக்கு மேலாக இந்த போன்களை எடுத்து வருகிறேன். தம்பிமார்கள் கேட்டதில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் 400 வோல்ட், மூன்று ஃபேஸ், 50 ஹெர்ட்ஸ் மோட்டர்களைப் பற்றியே பேசுகிறேன். நம் தொழிற்சாலைகளிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளின் பம்ப் அறைகளிலும் இருப்பவை அவைதான்.

ஓவர்லோட் ரிலேவுக்கு மோட்டரின் சூடு எப்படித் தெரிகிறது?

தெரியாது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

ரிலே கீழ்த்தளத்தில், பேனலுக்குள் இருக்கிறது. மோட்டர் மொட்டை மாடியில், கூலிங் டவர் பக்கத்தில் வெயிலில் கிடக்கிறது. ரிலே அதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. தன் வழியாகப் போகும் மின்னோட்டத்தை மட்டும் பார்த்து, ‘இவ்வளவு ஆம்பியர் இவ்வளவு நேரம் ஓடினால் அங்கே இவ்வளவு சூடு ஏறியிருக்கும்’ என்று ஊகிக்கிறது. பழைய வகை ரிலேவுக்குள் ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஒரு ஈருலோகப் பட்டை இருக்கும். விரியும் அளவு வேறுபட்ட இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது அது. மின்னோட்டம் அதைச் சூடாக்கும், சூட்டில் வளையும், வளைந்து ஒரு தள்ளுகட்டையைத் தள்ளும். அப்போது 95-96 என்ற கான்டாக்ட் திறந்து, மோட்டருக்கு மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் காந்த சுவிட்சான கான்டாக்டரின் காயிலுக்குப் போகும் மின்சாரம் நிற்கும். கான்டாக்டர் விழுந்தால் மோட்டர் நிற்கும். எலக்ட்ரானிக் ரிலேயில் பட்டைக்குப் பதில் ஒரு சின்னக் கணக்குப் பொறி அதே ஊகத்தைச் செய்கிறது.

ஆக, ரிலே நேரடியாக மெயின் லைனை வெட்டுவதில்லை, கான்டாக்டரிடம் சொல்லி வெட்ட வைக்கிறது. கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தால் ரிலே எத்தனை முறை டிரிப் ஆனாலும் மோட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

சூட்டுக்கு ஏன் இவ்வளவு கவலை என்றால், காயிலைச் சுற்றியுள்ள இன்சுலேஷனுக்கு ஒரு எல்லை உண்டு. பி வகுப்புக்கு 130 பாகை செல்சியஸ், எஃப் வகுப்புக்கு 155, எச் வகுப்புக்கு 180. எல்லையைத் தாண்டி ஒவ்வொரு 10 பாகைக்கும் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்பது தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. ஒரே நாளில் எரியாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெந்து, நோன்புப் பெருநாள் லீவில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போகும்.

எம்சிசிபி பிரேக்கர் இருக்கிறதே, ரிலே எதற்குத் தனியாக?

7.5 கிலோவாட் மோட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழு லோடில் சுமார் 14.8 ஆம்பியர். ஆனால் நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது அதைப்போல 6, 7 மடங்கு, அதாவது 100 ஆம்பியர் அளவுக்குச் சில விநாடிகள் இழுக்கும். அந்தச் சில விநாடிகளைப் பொறுத்துக்கொள்ளும் பிரேக்கரைத்தான் போட முடியும். 32 ஆம்பியர் பிரேக்கர் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். மோட்டர் 20 ஆம்பியரில் ஓடினால் பிரேக்கருக்கு அது ஒரு விஷயமே இல்லை. மோட்டருக்கோ அது 35 விழுக்காடு கூடுதல் சுமை. பிரேக்கர் சும்மா இருக்க, மோட்டர் வேகும்.

மறுபக்கம், ஷார்ட் சர்க்யூட் ஆகி ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும்போது ரிலேயால் ஒன்றும் செய்ய முடியாது. பட்டை வளைவதற்குள் ரிலேயே போய்விடும். அதற்குத்தான் எம்சிசிபி அல்லது ஃபியூஸ். இரண்டும் இரண்டு வேலை. பிரேக்கர், கான்டாக்டர், ரிலே மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்க்க வேண்டும். ‘டைப் 2’ பொருத்தம் என்றால் ஷார்ட் ஆன பிறகும் சாமான்களைத் தொடர்ந்து பயன்படுத்தலாம், கான்டாக்ட் முனைகள் லேசாக ஒட்டியிருந்தால் பிரித்துவிட்டால் போதும். ‘டைப் 1’ என்றால் ஆளுக்கும் கட்டடத்துக்கும் ஆபத்து இல்லை, ஆனால் சாமான்களை மாற்ற வேண்டி வரலாம். கொட்டேஷனில் விலை குறைவாக இருந்தால் அது டைப் 1தானா என்று கேட்டுப் பாருங்கள்.

சின்ன மோட்டர்களுக்கு இரண்டு வேலையையும் ஒரே பெட்டியில் செய்யும் எம்பிசிபி (மோட்டர் பாதுகாப்பு பிரேக்கர்) வந்து நாளாகிவிட்டது. அதையும் சாதாரண எம்சிபியையும் ஒன்றாக நினைத்து மாற்றிப் போடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

டயலை எத்தனையில் வைப்பது?

மோட்டரின் பெயர்ப்பலகையில் உள்ள முழு லோட் ஆம்பியரில். கூடவும் வேண்டாம், ‘கொஞ்சம் சேஃப்டிக்கு’ என்று ஏற்றவும் வேண்டாம். அந்தக் கொஞ்சத்தை ரிலே தயாரித்தவரே உள்ளே வைத்துத்தான் தந்திருக்கிறார். ஐஇசி என்ற அனைத்துலக மின் தர அமைப்பின் 60947-4-1 தரப்படி, டயலில் வைத்த அளவின் 1.05 மடங்கில் ரிலே 2 மணி நேரத்துக்கு டிரிப் ஆகக்கூடாது, 1.2 மடங்கில் 2 மணி நேரத்துக்குள் டிரிப் ஆகியே தீர வேண்டும். நீங்கள் மேலே 10 விழுக்காடு ஏற்றினால், ரிலே உறுதியாக டிரிப் ஆக வேண்டிய இடம் மோட்டரின் அளவைப்போல 1.32 மடங்குக்குப் போய்விடுகிறது.

அமெரிக்க மோட்டர்களின் பலகையில் சர்வீஸ் ஃபேக்டர் 1.15 என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு எல்லா மோட்டரும் 15 விழுக்காடு தாங்கும் என்று நினைக்காதீர்கள். இங்கே வரும் ஐஇசி மோட்டர்களுக்குப் பெரும்பாலும் அது 1.0தான்.

என் சொந்தப் பழக்கம் ஒன்று. 14.8 ஆம்பியர் மோட்டர் வருடம் முழுக்க 10 ஆம்பியரில்தான் ஓடுகிறது என்றால், நான் டயலை 12க்குப் பக்கத்தில் இறக்கி வைப்பேன். பேரிங் இறுகினாலும் பம்பில் குப்பை சிக்கினாலும் முன்கூட்டியே தெரியும். ஸ்டார்ட்டின்போது டிரிப் ஆகாதவரை இதில் தவறில்லை.

ஸ்டார்-டெல்டாவில் 0.58 என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

ஸ்டார்-டெல்டா என்றால் மோட்டரை ஸ்டார் இணைப்பில் கிளப்பி, வேகம் பிடித்ததும் டெல்டா இணைப்புக்கு மாற்றுவது. 1ஐ 1.732ஆல் வகுத்தால் 0.577. டெல்டாவில் லைனில் போகும் மின்னோட்டம் இரண்டு காயில்களுக்குப் பிரிந்து போகிறது. வழக்கமாக ரிலேயை மெயின் கான்டாக்டருக்கு அடியில், மோட்டருக்குப் போகும் ஆறு வயர்களில் மூன்றின் பாதையில் மாட்டுவார்கள். அங்கே அது பார்ப்பது காயில் மின்னோட்டத்தை மட்டும். ஆகவே 22 கிலோவாட், 41 ஆம்பியர் மோட்டருக்கு டயல் சுமார் 24இல் இருக்க வேண்டும்.

பலகையில் 41 என்று பார்த்துவிட்டு டயலையும் 41இல் வைத்தால், மோட்டர் 1.73 மடங்கு லோடை இழுத்தாலும் ரிலே தூங்கும். நான் கண்ட எரிந்த மோட்டர்களில் மிகச் சாதாரணமான காரணங்களில் இது ஒன்று. ரிலே வரும் லைனிலேயே, கான்டாக்டர்களுக்கு முன்னால் இருந்தால் மட்டும் முழு 41. டயலைத் தொடுவதற்கு முன் வயரைக் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள், டிராயிங்கை மட்டும் நம்ப வேண்டாம்.

அண்ணே, கிளாஸ் 10, கிளாஸ் 20 என்று போட்டிருக்கே, எதை வாங்குறது?

அந்த எண், டயல் அளவின் 7.2 மடங்கு மின்னோட்டம் பாய்ந்தால் குளிர்ந்த நிலையிலிருந்து அதிகபட்சம் எத்தனை விநாடியில் டிரிப் ஆகும் என்பதைச் சொல்கிறது. கிளாஸ் 10 என்றால் 4 முதல் 10 விநாடிக்குள். கிளாஸ் 20 என்றால் 6 முதல் 20. கிளாஸ் 30 என்றால் 9 முதல் 30. பம்ப், கம்ப்ரஸர், கன்வேயர் போன்றவை சில விநாடிகளில் வேகம் பிடித்துவிடும், அவற்றுக்கு 10 போதும். கடையில் கேட்டால் தருவதும் பெரும்பாலும் அதுதான்.

சிக்கல் பெரிய விசிறிகளில். சுங்கை காடுட்டில் ஒரு மரப் பட்டறையில் மரத்தூள் உறிஞ்சும் புளோவர் இருந்தது. கனமான சக்கரம், வேகம் பிடிக்கப் பதினைந்து விநாடிக்கு மேல் ஆகும். கிளாஸ் 10 ரிலே காலையில் ஒரு முறை ஒழுங்காக விடும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டார்ட் செய்தால் டிரிப். பட்டை ஏற்கெனவே சூடாக இருந்ததுதான் காரணம். அங்கிருந்தவர்கள் டயலை ஏற்றி ஏற்றி மோட்டர் அளவைப்போல ஒன்றரை மடங்குக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கிளாஸ் 30 ரிலே மாற்றி டயலைப் பழைய இடத்துக்கு இறக்கினோம். ஆனால் அதற்கு முன் மோட்டர் அவ்வளவு நேரம் ஸ்டார்ட்டிங் மின்னோட்டத்தைத் தாங்குமா என்று தயாரிப்பாளரின் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். தாங்காத மோட்டருக்குப் பொறுமைசாலி ரிலே போடுவது, திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பதுதான்.

டிரிப் ஆனால் எத்தனை முறை ரீசெட் செய்யலாம்?

காரணம் தெரியாமல் ஒரு முறைகூட வேண்டாம் என்பதுதான் புத்தகப் பதில். கண்காணிப்பாளர் பின்னால் நிற்கும்போது யாரும் அப்படி இருப்பதில்லை, எனக்கும் தெரியும். அதனால் ஏன் என்று சொல்கிறேன்.

ஈருலோகப் பட்டை ஒரு சின்னத் தகடு, சில நிமிடங்களில் ஆறிவிடும். மோட்டரோ இரும்பும் செம்புமாக நூறு, இருநூறு கிலோ. ஓடும்போது அதைக் குளிர வைப்பது அதன் வால்பக்கத்து விசிறி. நின்றால் விசிறியும் நிற்கிறது, சூடு உள்ளேயே அடைந்து கிடக்கும். நீங்கள் ரீசெட் அழுத்தும்போது ரிலே எல்லாவற்றையும் மறந்துவிட்டது, மோட்டர் எதையும் மறக்கவில்லை. போதாததற்கு ஸ்டார்ட்டிங் மின்னோட்டம் வேறு 6 மடங்கு. மூன்று, நான்கு முறை இப்படிச் செய்தால், டயல் சரியாகவே இருந்தாலும் காயில் போய்விடும்.

அமெரிக்க நீமா தரம் குளிர்ந்த மோட்டருக்கு அடுத்தடுத்து இரண்டு ஸ்டார்ட், சூடான மோட்டருக்கு ஒன்று என்று வைக்கிறது. நான் அதையே மோட்டர் பக்கத்தில் தமிழிலும் சீனத்திலும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். வெப்ப நினைவு உள்ள எலக்ட்ரானிக் ரிலே, போதுமான அளவு ஆறும்வரை ரீசெட்டையே ஏற்காது. அதைத் திட்டாதீர்கள். சில மாடல்களில் கன்ட்ரோல் மின்சாரத்தை அணைத்துப் போட்டால் அந்த நினைவு அழிந்துவிடும். இந்தத் தந்திரம் தெரிந்த ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார்.

ஆட்டோ ரீசெட்டா, மேனுவலா?

மேனுவல். ரிலேயின் முகத்தில் எச், ஏ என்று இரண்டு நிலை இருக்கும், எச்தான் கையால் ரீசெட் செய்வது. புஷ்-பட்டன் வைத்த சர்க்யூட்டில் ஆட்டோவில் இருந்தாலும் யாராவது ஸ்டார்ட் அழுத்தினால்தான் ஓடும். ஆனால் ஃப்ளோட் சுவிட்ச், பிரஷர் சுவிட்ச், செலக்டர் சுவிட்ச் போட்ட சர்க்யூட்டில் பட்டை ஆறியதும் மோட்டர் தானாகவே கிளம்பும். கன்வேயரில் சிக்கிய பெட்டியை எடுக்க ஒருவர் கையை உள்ளே விட்டிருக்கும் நேரம் அது என்று நினைத்துப் பாருங்கள்.

லோட் ஒன்றும் கூடவில்லை. ஆனாலும் டிரிப் ஆகிறதே?

முதலில் கிளிப் மீட்டரை எடுத்து மூன்று ஃபேஸையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஒன்றை மட்டும் அளந்துவிட்டு ‘ஆம்பியர் நார்மல்’ என்று சொல்லாதீர்கள்.

மூன்றும் சமமாகக் கூடுதலா? லோட் கூடியிருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சென்ட்ரிஃபியூகல் பம்பின் வெளிவால்வை மூடினால் ஆம்பியர் குறையும், முழுக்கத் திறந்தால் கூடும். அடைத்தால் கஷ்டப்படும் என்றுதான் மனசு சொல்லும், ஆனால் குறைவான தண்ணீரைத் தள்ளுகிற பம்ப் குறைவான வேலைதான் செய்கிறது. ஒரு கட்டடத்தில் கூலிங் வாட்டர் பம்ப் திடீரென்று டிரிப் ஆக ஆரம்பித்தது. மோட்டரைக் கழற்றிப் பேரிங் மாற்றினார்கள், தீரவில்லை. மேல்தளத்தில் யாரோ பைபாஸ் வால்வைத் திறந்துவிட்டுப் போயிருந்தார்கள். பெரிய விசிறியின் டக்ட் கதவு திறந்து கிடந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

மூன்றும் சமமில்லையா? வோல்டேஜை அளவிடுங்கள். வோல்டேஜில் சின்ன ஏற்றத்தாழ்வு இருந்தாலும் மின்னோட்டத்தில் அது பல மடங்காகத் தெரியும். 3.5 விழுக்காடு வோல்டேஜ் ஏற்றத்தாழ்வு, காயிலின் வெப்ப உயர்வைச் சுமார் 25 விழுக்காடு கூட்டுகிறது. இங்கே காரணம் பெரும்பாலும் வரும் மின்சாரம் அல்ல, நம் பேனலுக்குள் தளர்ந்த முனை, கருகிய கான்டாக்ட்.

எதுவும் இல்லையா? ரிலேயின் முனைகளைத் தொடாமல் வெப்பக் கேமராவில் பாருங்கள். சரியாக முறுக்காத ஸ்க்ரூ சூடாகி, அந்தச் சூடு பட்டைக்குள் ஏறி, பொய்யாக டிரிப் ஆவது உண்டு. மாடியில் வெயிலில் நிற்கும் பேனலில் உள்காற்றே 50 பாகையைத் தொட்டால், சூழல் வெப்பத்தைச் சரிக்கட்டும் ரிலேகூடச் சில மாடல்களில் தன் எல்லையைத் தாண்டக்கூடும்.

ஒரு ஃபேஸ் போய்விட்டால் என்ன ஆகும்?

ஊரில் விவசாயம் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்று ஃபேஸ் கரன்ட் குறிப்பிட்ட மணி நேரம்தான் வரும், மற்ற நேரம் இரண்டில் ஓட்டக் கன்டென்சர் வைத்துச் சமாளிப்பார்கள், மாதம் ஒரு மோட்டர் ரீவைண்டிங் கடைக்குப் போகும். இங்கே வரும் மின்சாரம் அப்படி இல்லைதான். ஆனால் மூன்று ஃபியூஸில் ஒன்று உருகினாலோ, கான்டாக்டரின் ஒரு முனை தேய்ந்தாலோ அதே நிலைமைதான்.

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டர் நிற்காது, மீதி இரண்டு ஃபேஸில் முனகிக்கொண்டே ஓடும், அவற்றில் மின்னோட்டம் சுமார் 1.73 மடங்கு ஆகும். நின்ற மோட்டரோ கிளம்பவே கிளம்பாது, நின்ற இடத்திலேயே வேகும். ஃபேஸ் இழப்பை உணரும் ரிலேயில் மூன்று பட்டைகளும் சமமாக வளைகின்றனவா என்று பார்க்கும் இரட்டைத் தள்ளுகட்டை இருக்கும். ஒன்று வளையாமல் நின்றால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் டிரிப் ஆகும். ஆனால் பாதி லோடில் ஓடும் மோட்டரில் அதுவும் தாமதிக்கும். லிஃப்ட், பம்ப் போன்ற முக்கியமானவற்றுக்குத் தனி ஃபேஸ் ஃபெயிலியர் ரிலே போடுவது மேல், அது ஃபேஸ் வரிசை மாறினாலும் பிடித்துவிடும்.

எரிந்த மோட்டரைத் திறந்தால் காயிலே காரணத்தைச் சொல்லும். எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் ஓவர்லோட் அல்லது குளிர்ச்சிக் குறைவு. ஸ்டார் இணைப்பில் இரண்டு ஃபேஸ் கருகி ஒன்று புதிது போலப் பளபளத்தால், அல்லது டெல்டாவில் ஒரு ஃபேஸ் மட்டும் கருகியிருந்தால், சிங்கிள் ஃபேஸிங். ரீவைண்டிங்குக்கு அனுப்புவதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். பட்டறைக்காரர் காயிலை வெட்டியெறிந்த பிறகு சாட்சி இல்லை.

பழைய மோட்டரை எடுத்துவிட்டுப் புது ஐஇ3 (மின்சிக்கன வகை) போட்டோம். ஸ்டார்ட் செய்தவுடன் பிரேக்கர் விழுகிறது.

2018 அக்டோபர் முதல் சிங்கப்பூரில் விற்கப்படும் 0.75 முதல் 375 கிலோவாட் வரையான மூன்று ஃபேஸ் இண்டக்ஷன் மோட்டர்கள் குறைந்தது ஐஇ3 தரத்தில் இருக்க வேண்டும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் விதி கொண்டு வந்தது. மின்சாரம் மிச்சமாகும், நல்ல விஷயம். ஆனால் இழப்பைக் குறைக்கக் காயில், இரும்பு எல்லாம் மாறியதால் சுவிட்ச் போட்ட முதல் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் பழையதைவிடக் கூடுதலாக இருக்கலாம். பிரேக்கரின் உடனடி டிரிப் பழைய மோட்டரை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் விழத்தான் செய்யும். இது ஓவர்லோட் இல்லை, ரிலே டயலைத் தொட்டுப் பயனில்லை.

இன்னொன்று யாரும் கவனிப்பதில்லை. புது மோட்டர் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். பழையது 1440, புதியது 1470 என்று வைத்தால், பம்ப் இழுக்கும் சக்தி வேகத்தின் மும்மடியில் கூடும் என்பதால் லோட் சுமார் 6 விழுக்காடு ஏறும். ஏற்கெனவே எல்லையில் இருந்த பம்ப் இப்போது எல்லைக்கு மேல். பலகையில் உள்ள ஆம்பியரும் மாறியிருக்கும், டயலைப் புதிதாக வையுங்கள்.

இன்வெர்ட்டரில் (வேகத்தை மாற்றும் கருவியில்) ஓடும் மோட்டருக்கு ரிலே வேண்டுமா?

ஒரு இன்வெர்ட்டர், ஒரு மோட்டர் என்றால் இன்வெர்ட்டருக்குள்ளேயே அந்தக் கணக்கு இருக்கிறது, மோட்டர் ஆம்பியரைச் சரியாகப் பதிந்திருந்தால். பெட்டியில் வந்த தொடக்க மதிப்பை அப்படியே விட்டிருப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒரே இன்வெர்ட்டரில் மூன்று, நான்கு மோட்டர் ஓடினால் அதற்குத் தெரிவது மொத்தக் கூட்டல்தான், ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே கட்டாயம் வேண்டும். பைபாஸ் கான்டாக்டர் வைத்திருந்தால், பைபாஸில் ஓடும்போது இன்வெர்ட்டரின் பாதுகாப்பு இல்லை, அங்கேயும் தனி ரிலே.

குறைந்த வேகத்தில் வால்பக்கத்து விசிறியும் மெதுவாகச் சுற்றும். 15 ஹெர்ட்ஸில் முழு லோடை இழுத்தால் ஆம்பியர் சரியாகத் தெரியும், மோட்டர் கொதிக்கும்.

அப்படியானால் ஆம்பியர் சரி, மோட்டர் மட்டும் கொதிக்கிறது என்றால் யார் காப்பாற்றுவது?

காயிலுக்குள் புதைத்த தெர்மிஸ்டர், அதாவது வெப்ப உணரி. ரிலேயின் ஊகம் தோற்கும் இடங்கள் இவைதான்: மாவுத்தூளால் அடைந்த விசிறி மூடி, குளிர்ச்சித் துடுப்புகளில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு, காற்றோட்டமில்லாத பம்ப் அறை, குறைந்த வேகம், அடிக்கடி ஸ்டார்ட். மோட்டர்களின் கணக்கு 40 பாகைச் சூழலுக்குப் போட்டது. பாய்லர் அறையில் 45 இருந்தால் அது தரக்கூடிய சக்தியைச் சுமார் 5 விழுக்காடு குறைத்துக்கொள்ள வேண்டும்.

பிடிசி தெர்மிஸ்டர் ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று, தொடராக இணைக்கப்பட்டிருக்கும். குளிர்ந்த நிலையில் ஒவ்வொன்றும் 250 ஓமுக்குள், குறித்த வெப்பம் தாண்டியதும் திடீரென்று ஆயிரக்கணக்கான ஓமுக்கு எகிறும். அதற்கென்று உள்ள ரிலே அதைப் பார்த்து கான்டாக்டரை விழ வைக்கும். பல மோட்டர்களில் இந்த இரண்டு மெல்லிய வயர்கள் டெர்மினல் பெட்டிக்குள் எங்கும் இணைக்கப்படாமல் சுருட்டிக் கிடக்கும். காசு கொடுத்து வாங்கியது, பயன்படுத்துங்கள். மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் உயர் வோல்டேஜ் மீட்டர்) மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள், தெர்மிஸ்டர் செத்துவிடும்.

மோட்டர் பக்கத்திலேயே கப்பாசிட்டர் வைத்திருக்கிறோம். அதனால் ஏதாவது மாறுமா?

கப்பாசிட்டர் ரிலேக்குப் பிறகு, மோட்டர் பக்கம் இணைந்திருந்தால் மாறும். ரிலே பார்ப்பது குறைந்த ஆம்பியரை. பவர் ஃபேக்டர் 0.83இல் 14.8 ஆம்பியர் இழுக்கும் மோட்டரை 0.95க்கு உயர்த்தினால் ரிலே வழியே ஓடுவது சுமார் 12.9. டயலை அங்கேதான் வைக்க வேண்டும்.

பெரிய மோட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம்?

6.6 கிலோவோல்ட் மோட்டர்களுக்கு ஒரு நியூமெரிக் (கணினி வகை) ரிலேயே எல்லாவற்றையும் பார்க்கும். அதன் திரையில் வரும் எண்களைத் தெரிந்துகொண்டால் இரவு ஷிப்டில் உதவும்: 49 வெப்பக் கணக்கு, 46 ஃபேஸ் ஏற்றத்தாழ்வு, 66 அடிக்கடி ஸ்டார்ட், 37 லோட் குறைவு. கடைசியானது தண்ணீர் இல்லாமல் சுற்றும் பம்பைப் பிடிக்க நல்லது. இந்த ரிலேக்கள் சிடி (மின்னோட்ட டிரான்ஸ்ஃபார்மர்) வழியாகத்தான் ஆம்பியரைப் பார்க்கின்றன. மெயின் லைனில் மின்னோட்டம் ஓடும்போது சிடியின் இரண்டாம் பக்கத்து வயரைத் திறந்துவிட்டால் அங்கே ஆளைக் கொல்லும் வோல்டேஜ் எழும். ஷார்ட்டிங் லிங்க் போடாமல் கை வைக்கக்கூடாது.

டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்ச நேரக் கூடுதல் லோடைத் தாங்கும், அதற்கும் அளவுகோல் சூடுதான். எண்ணெய் வகையில் சாதாரணக் காகித இன்சுலேஷனுக்கு 98 பாகைதான் இயல்பான உச்சம் என்று வைத்து, அதற்கு மேல் ஒவ்வொரு 6 பாகைக்கும் மூப்படையும் வேகம் இரட்டிப்பாகும் என்று ஐஇசி கணக்கிடுகிறது. உலர் வகையில் காயிலுக்குள் வெப்ப உணரி இருக்கும். முதலில் விசிறியை ஓட்டும், பிறகு அலாரம், கடைசியில் டிரிப். அந்த அலாரம் யார் காதுக்குக் கேட்கிறது என்று ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

டயலை நானே மாற்றலாமா?

சிங்கப்பூரில் மின் வேலை செய்ய எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும், அல்லது உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். எலக்ட்ரீஷியன் உரிமம் 45 கேவிஏ வரையான நிறுவல்களுக்கு. டெக்னீஷியன் 150 கேவிஏ வரை செய்யலாம், 500 வரை இயக்கலாம். அதற்கு மேல் மின் பொறியாளர் உரிமம். நிறுவல்களுக்கான நடைமுறைத் தொகுப்பு எஸ்எஸ் 638, பழைய ஆட்கள் இன்றும் சிபி 5 என்றே சொல்வார்கள்.

‘சூப்பர்வைசர் ஏற்றச் சொன்னார்’ என்பது பதில் ஆகாது, தம்பி. யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார்கள் என்று பேனல் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டுங்கள். உள்ளே கை வைக்கும் முன் ஐசோலேட்டரை அணைத்து, உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்யுங்கள். பூட்டு இரவல் தரும் சாமான் இல்லை.

ரிலே வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

மோட்டர் ஓடும்போது ரிலேயின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். கான்டாக்டர் விழ வேண்டும். இது கன்ட்ரோல் வயரிங்கை மட்டும் சோதிக்கிறது, பட்டை சரியான ஆம்பியரில் வளைகிறதா என்பதை அல்ல. அதற்கு மின்னோட்டம் செலுத்திப் பார்க்கும் டெஸ்ட் செட் வேண்டும், வருடாந்தர நிறுத்தத்தில் ஆள் வந்து செய்வார்கள்.

இருந்தாலும் அந்தப் பொத்தான் சோதனையைக் குறைவாக எடை போடாதீர்கள். போன வருடம் ஒரு உணவுத் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரம் எரிந்தது. ரிலே புதிது, டயல் சரி, கிளாஸ் சரி. பொத்தானை அழுத்தினேன், ரிலே ‘டக்’ என்றது, கான்டாக்டர் அசையவில்லை. பேனலைத் திறந்து டார்ச் அடித்தால், 95க்கும் 96க்கும் நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு நீல வயர். என்றைக்கோ ஒரு ஆர்டரை முடிக்க யாரோ போட்டது. அதன் மேல் படிந்திருந்த மாவைப் பார்த்தால் குறைந்தது ஒரு வருடம் அங்கேயே இருந்திருக்கும்.